மாமாவின் மெங்குடு

பினாங்கில் வீட்டு வாசலில் மெங்குடு மரம் வைத்திருப்பவர்களைத் தேடி இரண்டு ரகமான ஆட்கள் வருவார்கள். இலை கேட்டு வருபவர்கள் ஒரு ரகம், சண்டைக்கு வருபவர்கள் இன்னொரு ரகம். ஜெலுத்தோங்கில் எங்களுக்கு இரண்டு ரகமும் ஒரே வீட்டிலிருந்து வாய்த்தது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் சண்டைக்கு வந்தார். அவர் மனைவி இலைக்கு வந்தார்.

மரம் என் மாமனாருடையது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் கடலோரத்துக்குத் தூண்டிலோடு போனவர், மீன் இல்லாமல் பிளாஸ்டிக் பையில் ஒரு கன்றோடு திரும்பி வந்தார்.

"மீன் கிடைக்கலையா மாமா?"

"மீனு கிடக்குது. இது என்னன்னு தெரியுமா? மெங்குடும்மா. நோனி, நோனின்னு பாட்டில்ல வித்தானே, அதேதான்."

எனக்கும் நினைவிருக்கிறது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நேரடி விற்பனைக்காரர்கள் வீடு வீடாக வந்து நோனி சாறு விற்றார்கள். ஒரு பாட்டில் நூறு வெள்ளிக்கு மேல். முட்டி வலியிலிருந்து முடி கொட்டுவதுவரை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே மருந்து என்றார்கள். மாமா அப்போது வாங்கிக் குடித்திருக்கிறார். முட்டி வலியும் போகவில்லை, முடியும் நிற்கவில்லை. ஆனாலும் நூறு வெள்ளிச் சரக்கு ரோட்டோரம் சும்மா காய்த்துத் தொங்குவதைப் பார்த்தபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் எஸ்டேட்டில் இருந்தபோது, வயிறு ஊதினால் அவர் அம்மா மெங்குடு இலையை அனலில் வாட்டி, எண்ணெய் தடவி, வயிற்றில் ஒட்டிப் படுக்க வைப்பாராம். அந்த இலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் மாமா குரலில் விற்பனைக்காரர் இருக்க மாட்டார்.

காடி நிறுத்துகிற இடத்துக்கு ஓரமாக, சிமெண்டு உடைந்த ஒரு சாண் மண்ணில் கன்றை நட்டார். நான் முட்டை ஓடு, அரிசி கழுவிய தண்ணீர், கெஞ்சல் எல்லாம் கொடுத்து வளர்த்த கறிவேப்பிலை அப்போதுதான் மூன்றாவது முறையாக மொட்டையாகிக்கொண்டிருந்தது. மெங்குடுவுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. உப்பு மண், மணல், கல் எதிலும் அது வளரும். விதைக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கடலில் மிதந்தே தீவு தீவாகப் போன ஜாதி. அதற்கு எங்கள் வீட்டுச் சிமெண்டு ஒரு பொருட்டா? விதை போட்டிருந்தால் முளைக்கவே மாதக்கணக்கில் ஆகியிருக்கும், ஓடு அவ்வளவு கெட்டி. கன்றாக வந்ததால் ஒரு வருடத்துக்குள் காய் வைத்துவிட்டது.

அது காய்க்கும் விதத்தை நின்று பார்க்கவேண்டும். முதலில் பச்சையாக ஒரு குண்டு வரும், மேலெல்லாம் கண் கண்ணாக. அந்தக் கண்களிலிருந்து சின்னதாக வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். எல்லாம் ஒன்றாகப் பூக்காது, இன்றைக்கு இந்தப் பக்கம் ஒன்று, நாளைக்கு அந்தப் பக்கம் இரண்டு. "பூத்துக் காய்க்கிறதைப் பாத்திருக்கேன், காய்ச்சிட்டுப் பூக்கிற மரத்தை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அத்தை. பழுத்த பிறகு அதன் அழகு இன்னும் கூடும். வேகவைத்த உருளைக்கிழங்குக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். தமிழ்நாட்டில் நுணா என்று சொல்வது இதன் பங்காளி. அதில் பழம் சின்னது, பழுத்தால் கறுத்துவிடும், பிள்ளைகள் பொறுக்கித் தின்னும். இதை எந்தப் பிள்ளையும் பொறுக்காது.

மரத்தோடு காவல்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். கெரெங்கா எறும்பு. பெரிய பெரிய இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவின் வாயிலிருந்து வரும் நூலால் தைத்துக் கூடு கட்டும். கலைக்கலாம் என்றால் மாமா விடமாட்டார், புழு பூச்சியை அதுதான் விரட்டுகிறதாம். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரையும் அதுதான் விரட்டியது. இப்போதெல்லாம் அவர் கேட்டுக்கு வெளியே நின்று, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி மீட்டரைப் படித்துவிட்டுப் போகிறார். பில் எப்படிச் சரியாக வருகிறதென்பது அவருக்கே வெளிச்சம்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். வாசம்தான் விஷயம். காய் பச்சையாக இருக்கும்வரை சாது. வெளுத்த மஞ்சளாக மாறியதும் பறித்து மேசையில் வைத்தால், மறுநாளைக்குள் கண்ணாடி மாதிரித் தளதளத்துக் கூழாகிவிடும். அப்போது கிளம்பும் பாருங்கள். ஆட்டுப்பாலிலும் சீஸிலும் இருக்கிற அமிலங்கள்தான் இதிலும் இருக்கின்றனவாம், கேப்ரோயிக், கேப்ரிலிக் என்று. என் கணவர் இதைப் போனில் படித்துச் சொன்னபோது ஒரு கையால் மூக்கைப் பிடித்திருந்தார். இந்தப் பழம் மற்ற பழ ஈக்களுக்கு விஷம், சேஷெல்ஸ் தீவுகளில் ஒரே ஒரு வகை ஈ மட்டும் இதையே நம்பிப் பிழைக்கிறது என்றும் படித்தார். ஆக, உலகத்தில் இந்த வாசத்தைத் தேடி வருவது அந்த ஈயும் என் மாமனாரும்தான்.

சாறு எடுப்பதற்கு மிக்சி வேண்டாம் என்றார் மாமா. பழத்தைக் கழுவி ஜாடியில் போட்டு மூடி இரண்டு மாதம் வைத்தால் சாறு தானாக இறங்கிக் கறுத்து நிற்கும், தீவுக்காரர்கள் செய்த பழைய முறை. அத்தை தன் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை ஒரே நிபந்தனையில் கொடுத்தார்: வாசம் ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது. மாமா மூடியை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, பக்கத்து வீட்டுச் சுவரோரம் வெயில் படும் இடத்தில் வைத்தார். ஜாடிக்குள் பழம் புளித்தது. புளித்தால் காற்று உண்டாகும். காற்றுக்கு வழி இல்லை. மீதியை நீங்களே ஊகிக்கலாம், ஆனால் நேரத்தை ஊகிக்க முடியாது.

சீனப் பெருநாளின் எட்டாம் நாள் இரவு. பினாங்கு ஹொக்கியன்காரர்களுக்கு முதல் நாளைவிட இதுதான் பெரிய நாள். முன்னொரு காலத்தில் எதிரிகள் துரத்தியபோது கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்து ஒன்பதாம் நாள் வெளியே வந்தார்களாம். அதனால் எட்டாம் நாள் நடுராத்திரியில், மேசைக் காலில் தோகையோடு கரும்பைக் கட்டி, வானத்துச் சாமிக்குப் படைப்பார்கள். பக்கத்து வீட்டு வாசலிலும் மேசை போட்டிருந்தது. சிவப்பு ஆங் கூ பலகாரம், அன்னாசி, வறுத்த பன்றி, மலை மாதிரித் தங்கக் காகிதம். ஈப்போவிலிருந்து மருமகன்வரை வந்திருந்தார்கள். நாங்களும் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு வருடா வருடம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு அடித்தது. ஜெலுத்தோங் முழுக்க வெடி. அந்த வெடிகளோடு ஒரு வெடியாக எங்கள் ஜாடியும் வெடித்தது. மூடி தகரக் கூரையில் டணாரென்று மோதி எங்கேயோ பறந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு காற்று அந்தப் பக்கம் திரும்பியது. ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே தூக்கியிருந்த ஆறேழு பேரும் அதை மெல்ல மெல்ல மூக்குக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். சாமி காரியம், நடுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கும்பிட்டு முடிந்ததும்தான் ஈப்போ மருமகன், "டுரியானா?" என்று ஆசையோடு கேட்டார். பாலேக் பூலாவ் டுரியான் இறங்க இன்னும் நாலைந்து மாதம் கிடக்கிறது. அங்கிள் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "தீக்குஸ் மாத்தி." சீலிங்கில் எலி செத்துக் கிடக்கிறது.

மறுநாள் காலையில் ஏணி போட்டுச் சீலிங் பலகையைத் திறந்துவிட்டார். எலி இல்லை. அவர் தொலைந்துபோனதாகத் தேடிக்கொண்டிருந்த மாஜோங் ஆட்டப் பெட்டி இருந்தது. அதை அங்கே ஒளித்து வைத்தவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இரண்டாவது வெடி அப்போது வெடித்தது.

"சொல்லிடலாம் மாமா" என்றேன்.

"பெருநாளு முடியட்டும்மா. நல்ல நாளும் அதுவுமா ஏன் அவங்க மனசைக் கெடுக்கணும்?"

அதற்குள் மூடி கிடைத்துவிட்டது. அங்கிள் வீட்டு லீமாவ் செடித் தொட்டியில் கிடந்ததாம். மேலே அத்தை கையெழுத்தில் 'எலுமிச்சை' என்று ஒட்டியிருந்தது. எங்கள் வரிசையில் தமிழ் எழுத்து உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான், துப்பறிய ஒன்றுமில்லை. அங்கிள் மூடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்றார். கெரெங்காவுக்குப் பயந்து உள்ளே வரவில்லை.

"இனி ஆப்பா?" இது என்ன என்றார்.

"உபாட்!" என்றார் மாமா கம்பீரமாக.

மருந்து என்றதும் அங்கிளின் பார்வை மரத்துக்குப் போனது. இலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேத்தும்?" என்று குரலைத் தாழ்த்தினார். கேத்தும் போதை இலை, விற்றால் நச்சுப் பொருள் சட்டம் பாயும், வடக்கே எல்லாருக்கும் தெரியும். இல்லவே இல்லை என்று நானும் என் கணவரும் ஒரே குரலில் சொன்னோம். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம்தான், காப்பியும் இட்லிப்பூவும்கூட அதே குடும்பம்தான். ஒருத்தன் கோப்பிக் கடையில், ஒருத்தி கோயிலில், ஒருத்தன் போலீஸ் கேசில். எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? அதை அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

ஜாடியில் பாதிக்கு மேல் சாறு மிச்சம் இருந்தது. மாமா அதை வடிகட்டித் தினம் ஒரு கிளாஸ் குடிக்கத் திட்டம் போட்டார். என் கணவருக்கு ஆதாரம் வேண்டும். 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் நோனி சாற்றை அனுமதித்தது என்று படித்துக் காட்டினார். மாமா முகம் மலர்ந்தது. "பழச்சாறா விக்க அனுமதிச்சிருக்காங்கப்பா, மருந்துன்னு இல்ல" என்றதும் வாடியது. நல்ல வேளையாக அந்த வாரம் அரசாங்க கிளினிக்கில் பிரஷருக்கு மருந்து வாங்கும் நாள். நான் கூடப் போனேன். மருந்து கொடுக்கிற பெண் வழக்கம்போல, "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா அங்கிள்?" என்று கேட்டார். மாமா கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன்.

மாமா சாப்பிடுவது பெரிண்டோபிரில். அது உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடிய மாத்திரை. மெங்குடு சாற்றிலும் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் சோர்ந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடம் மாறிப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், ஈரல் கோளாறு உள்ளவர்களும் இந்தச் சாற்றுக்குத் தள்ளி இருப்பது நல்லது என்றார் அந்தப் பெண். மாமா வழிநெடுகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் லொங்காங் சாக்கடையில் ஊற்றினார். அன்று சாயங்காலம் பின்பக்கத்து வரிசையில் இரண்டு வீட்டில் சீலிங்கைத் திறந்தார்கள்.

மரத்தை வெட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போதுதான் இலைக்காரர்கள் வந்தார்கள். கெடாவிலிருந்து வந்து கடைசி வீட்டில் இருக்கும் மலாய்க்கார மாக்சிக், மீனும் தேங்காய்ப்பூவும் வைத்துப் போத்தோக் செய்ய இலை கேட்டார். பழத்தை நினைத்து நாங்கள் அந்த இலையைப் பாவித்ததே இல்லை. மாக்சிக் சொன்னபடி நானும் இளம் இலையாகப் பறித்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, கசப்பைப் போக்கி, நெத்திலிக் கருவாடும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிரட்டினேன். மணம் இருக்கிறது, நாற்றம் இல்லை. என்னைக் கேட்டால் மெங்குடுவில் சாப்பிட வேண்டியது இலைதான். பழத்தை மரம் தன் விதைக்காக வைத்திருக்கிறது, நாம் ஏன் குறுக்கே போகிறோம்?

பக்கத்து வீட்டு ஆண்ட்டி பின்வாசல் வழியாக வந்தார். ஓத்தாக்-ஓத்தாக் என்கிற மீன் பலகாரத்துக்கு வாழை இலைக்குள் காடோக் இலை விரிப்பது வழக்கம், அவருடைய அம்மா அதோடு மெங்குடு இலையும் வைப்பாராம், கிடைக்குமா என்று கேட்டார். மாமா கெரெங்காவிடம் நாலு கடி வாங்கி ஒரு கட்டுப் பறித்துக் கொடுத்தார். சாயங்காலம் ஒரு தட்டு ஓத்தாக்-ஓத்தாக் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொடுக்கப் போன மனைவியைத் தேடிக்கொண்டு அங்கிளும் பின்னால் வந்தார், கையில் ஒன்றைப் பிரித்துத் தின்றபடியே.

"இது நல்லா இருக்கு. இலை என்ன இலை, கடையில வாங்கினியா?" என்று ஆண்ட்டியிடம் கேட்டார்.

ஆண்ட்டி என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். மாமா வாயைத் திறக்கப் போனார்.

"வாங்க, காப்பி ஆறுது" என்று அத்தை அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.