ஃபாக் லைட் போட்ட வண்டிக்கு வாரன்டியில் மீட்டர் வாங்கிய கதை

"வெளியில எது மாட்டினாலும் வாரன்டி போயிடும் சார்." புது பைக் வாங்கும்போது ஷோரூமில் எல்லோருக்கும் சொல்லப்படும் வசனம் எனக்கும் சொல்லப்பட்டது. வண்டியோடு தரும் கையேட்டில் வாரன்டி விதிகளைத் தேடிப் படித்தேன். வெளிப் பொருள் மாட்டியதால் உண்டான பழுதுக்கு வாரன்டி இல்லை என்றுதான் அதில் இருந்தது. எது மாட்டினாலும் மொத்தமும் போய்விடும் என்று எங்கேயும் இல்லை.

கிராஷ் கார்டு கம்பெனி பொருளாகவே கிடைத்தது, டெலிவரிக்கு முன்பே மாட்டி பில்லில் ஏற்றிவிட்டேன். வெளி சைலன்சர் ஆசையை விட்டுவிட்டேன். சென்னை புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும், சத்தமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எக்ஸாஸ்டில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துத்தான் ஈசியூ (இன்ஜினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அங்கே கை வைத்துவிட்டு நாளைக்கு இன்ஜினுக்கு வாரன்டி கேட்டால் பேச வாய் இருக்காது. போதாததற்கு, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கலாம்.

ஃபாக் லைட் மட்டும் எனக்குக் கட்டாயம் வேண்டும். மாமல்லபுரம் தாண்டி இரவில் ஈசிஆரில் ஓட்டியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 20 வாட் எல்இடி இரண்டு எடுத்தேன். மொத்தம் 40 வாட், 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள் அடங்கும். ஜி.பி. ரோட்டுக் கடைப் பையன் பிளேடை எடுத்து ஹெட்லைட் ஒயரைச் சீவ வந்தான்.

"அஞ்சு நிமிஷ வேலைண்ணா."

"ஒரு ஒயர்கூட வெட்டக் கூடாது தம்பி."

முகம் சுளித்தாலும் செய்து கொடுத்தான். பேட்டரியிலிருந்து நேராக ரிலேவுக்கு (சிறு சிக்னலால் இயங்கும் மின் சுவிட்ச்) தனி ஒயர், நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ். ரிலேயை இயக்கும் சிக்னல் ஃபியூஸ் டேப்பிலிருந்து, அதாவது ஒயரை வெட்டாமல் ஃபியூஸ் பாக்ஸில் செருகி இணைப்பு எடுக்கும் துண்டிலிருந்து. தனி சுவிட்ச். கம்பெனி ஒயரிங்கில் கீறல்கூட இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஜிஎஸ்டி பில்லும் கேட்டு வாங்கினேன். (பில் என்றதும் விலை ஏறும், ஏறட்டும்.)

ஐப்பசி மழையில் மீட்டர் கண்ணாடிக்குள் நீர்த்துளி கோத்து, பிறகு திரையே அணைந்துபோனது. சர்வீஸ் சென்டரில் வண்டியைச் சுற்றிவந்த அட்வைசர் லைட்டைப் பார்த்ததும் முடிவு சொல்லிவிட்டார். "ஃபாக் லைட் போட்டிருக்கீங்க, வாரன்டி வராது சார்."

நான் சண்டைக்குப் போகவில்லை. "சரி சார், எந்த ஒயரால மீட்டர் போச்சுன்னு ஜாப் கார்டுலயே எழுதி, சீல் வச்சுக் கொடுங்க" என்றேன். அவர் உள்ளே போனார். சூப்பர்வைசர் வெளியே வந்தார்.

அவர் தொழில் தெரிந்தவர். சீட்டைக் கழற்றிப் பார்த்தார், ஃபியூஸ் டேப்பை உருவினார், லைட்டின் ஒயர் இணைப்பான கப்ளரையும் பிரித்தார். லைட் வண்டியோடு ஒட்டே இல்லாத நிலையிலும் மீட்டர் செத்தே கிடந்தது. கண்ணாடி ஓரம் சீல் விலகி ஈரம் இறங்கியிருந்தது. லைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னார். கம்பெனியின் ஏரியா மேனேஜர் ஒப்புதல் தர வேண்டும் என்று படங்களை அனுப்பினார். நானும் சேசிஸ் எண், ஜாப் கார்டு எண், என் படங்கள் எல்லாவற்றையும் வைத்து கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். போனில் பேசினால் ஆதாரம் நிற்காது. மறுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்திருப்பேன், அதற்கடுத்து நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை. அதுவரை போகத் தேவைப்படவில்லை, ஒப்புதல் வந்தது.

இதே கோளாறு ஹெட்லைட்டிலோ பேட்டரியிலோ வந்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்துதான் போகிறது என்பதால், ஒயர் வெட்டாவிட்டாலும் அங்கே அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு.

புது மீட்டர் மாட்டும் நாளில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஓடிய கிலோமீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். சர்வீஸ் ரெக்கார்டில் இருக்கும் பழைய கணக்கையும் மீட்டர் மாற்றிய தேதியையும் ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வண்டியை விற்கப்போனால் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.