குத்துவிளக்குக்கு யார் சாட்சி சொல்வது?

சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பாத்திரக்கடை முதலாளியின் முன்னால் மூன்றடிக் குத்துவிளக்கு ஒன்றைப் பூட்டிக் காட்டினேன். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று ஒவ்வொன்றாக மரை திருகி நிறுத்தியதும், அவர் தண்டின் கடைசல் வரிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சாமான் வடிவாத்தான் இருக்குது தம்பி. ஆனா நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாதே, தெரியாத ஆளுக்கு முன்காசு எப்பிடித் தாறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். முன்பணம் இல்லாமல் சரக்கை அனுப்ப எனக்கும் துணிவில்லை. வேறொரு நாட்டு வணிகர் ஒருவர் சரக்கை எடுத்துக்கொண்டு பாதிப் பணத்தை இன்றுவரை தராத அனுபவம் எனக்கு உண்டு.

நாச்சியார்கோவிலில் எங்களுடையதைப் போன்ற பட்டறைகளில் நாலைந்து பேர்தான் வேலை செய்கிறோம். பெரிய நிறுவனங்கள் வங்கி வழியாக எல்.சி. திறந்து, அதாவது சரக்கை அனுப்பிய ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தைப் பெற்று, இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்கின்றன; இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு அந்தச் செலவும் அலைச்சலும் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த முதலாளியை அவரது ஊர் வர்த்தக மன்றத்துக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும், எங்கள் பட்டறையை எங்கள் ஊர் வர்த்தகர் சங்கத்துக்கு அப்பா காலத்திலிருந்தே தெரியும். இந்த இரண்டு சங்கங்களும் தத்தம் உறுப்பினருக்குச் சாட்சி சொல்ல முன்வந்தாலே எங்கள் வியாபாரம் அன்றைக்கே முடிந்திருக்கும். இது புதிய யோசனையும் அல்ல. சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு கடல் கடந்த துறைமுகத்திலும் தன் ஆட்களுக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் வகுத்து வைத்திருந்ததைக் காட்டுகிறது.

சாட்சிக்கு அடுத்தது சரக்கை அனுப்பும் வழி. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறை ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பல் பயணிகளுக்கானது. பயணி தன்னோடு கொண்டுபோகும் சுமைக்கு மேல் அதில் ஏற்ற முடியாது. ஆகவே எங்கள் விளக்கு லாரியில் தூத்துக்குடி போய், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலைவழியாக யாழ்ப்பாணம் போகவேண்டும். நான்கு பெட்டிகளுக்காக ஒருவர் தனியாக இந்தச் சுற்றுவழிச் செலவைத் தாங்க முடியாது. இங்குள்ள சங்கம் பத்துப் பட்டறைகளின் பெட்டிகளை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பி, அங்குள்ள மன்றம் அதைப் பிரித்துக் கொடுத்தால் தாங்கும்.

காகித வேலையில்தான் நாங்கள் மிகுதியும் தடுமாறுகிறோம். குத்துவிளக்கு விளக்கா, வீட்டுப் பாத்திரமா, அலங்காரப் பொருளா என்பதைப் பொறுத்துச் சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். எண் 9405, 7418, 8306 என்று மாறும். எண் மாறினால் வரியும் மாறக்கூடும். என் முதல் சரக்குக்கு நாங்கள் ஓர் எண்ணும் சரக்கு இறங்கிய நாட்டு ஏஜென்ட் வேறோர் எண்ணும் எழுதியதால், பெட்டிகள் துறைமுகத்திலேயே கிடந்து தாமதக் கட்டணம் ஏறியது. இரண்டு பக்கத்துச் சங்கங்களும் முன்கூட்டியே பேசி எந்த எண் பொருந்தும் என்று உறுதிசெய்து வைத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகையைப் பெற, பொருளின் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு உள்நாட்டில் சேர்ந்தது என்று பொதுவாகக் காட்டவேண்டும். கூலியையும் பித்தளை விலையையும் ஒரே நோட்டில் கலந்து எழுதும் பட்டறைக்காரரால் அந்தக் கணக்கைத் தனியாகப் போட முடியாது; சங்கம் ஒரு கணக்கரை அமர்த்தினால் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிடுவார்.

கண்காட்சிக்கு மாதிரிகளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர ஏ.டி.ஏ. கார்னே என்னும் ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் வணிக, தொழில் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிக்கி அதை வழங்குகிறது. ஓராண்டுவரை வரி கட்டாமல் பொருளை வெளிநாட்டில் காட்டலாம். அதற்குரிய பிணைத்தொகையைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன்.

சென்ற மாதக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்து மன்றத்துக்கு அனுப்பவேண்டிய கடிதத்தைப் படித்தோம். உறுப்பினரின் நாணயத்துக்கு எழுத்துமூலம் சாட்சி, தகராறு வந்தால் இரு சங்கத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது, சேர்ந்தனுப்பும் சரக்கு ஆகிய மூன்றை மட்டும் கேட்டிருக்கிறோம். தலைவர் கையெழுத்திட்டுவிட்டார். பாத்திரக்கடை முதலாளி கேட்ட ஆறு விளக்குகளுக்கு மெருகு ஏற்றி, மரைகளைத் துணியால் சுற்றி, பட்டறையின் மூலையில் வைத்திருக்கிறேன்.