பைத்தானின் மேக்ஃபைல் எங்கே?

ஹட்டனில் மழை பிடித்தால் சிக்னல் படுத்துவிடும், கூகுளில் தேட வழியில்லை. பைத்தான் எந்தக் கம்பைலரால் பில்ட் ஆனது என்பதை அதனிடமே கேட்டுவிடுவேன். சிஸ்கான்ஃபிக் மாட்யூலை இம்போர்ட் செய்து, கெட்_மேக்ஃபைல்_ஃபைல்நேம் ஃபங்ஷன் தருவதைப் பிரின்ட் பண்ணினால் மேக்ஃபைலின், அதாவது பைத்தானை பில்ட் செய்த கம்பைலர் முதலான விவரங்கள் உள்ள ஃபைலின், முழுப் பாதையும் வரும். உபுண்டுவில் அது பைத்தான் லைப்ரரிக்குள், 'கான்ஃபிக்' என்று தொடங்கும் ஃபோல்டரைக் காட்டும்.

ஆனால் அந்த ஃபங்ஷன் பாதையைக் கட்டித் தருவதோடு சரி. ஃபைல் இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்காது! ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ் போட்டு நாமே பார்க்க வேண்டும்.

"மாமா, டிஸ்ட்யுடில்ஸ்ல எழுதின ஸ்கிரிப்ட் ஓடுதில்லையே" என்றான் மருமகன். ஓடாதுதான். பேக்கேஜ்களை பில்ட் செய்ய உதவிய அந்தப் பழைய மாட்யூலை 2023இல் வந்த பைத்தான் 3.12 பதிப்பிலேயே தூக்கிவிட்டார்கள். அந்த இம்போர்ட் வரியை சிஸ்கான்ஃபிக்குக்கு மாற்றச் சொன்னேன்.

கம்பைலர் பெயர் மட்டும் போதுமென்றால் மேக்ஃபைலைத் திறக்கவே வேண்டாம். அதே சிஸ்கான்ஃபிக்கின் கெட்_கான்ஃபிக்_வார் ஃபங்ஷனிடம் 'சிசி' (CC) என்று கேளுங்கள்.