ஒரு மாதச் சம்பளப் பட்டியலைக் கையால் போட்டுப் பாருங்கள்

மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேருபவர்கள் மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு மாதச் சம்பளத்தைக் கையால் கணக்கிட்டுப் பழக வேண்டும். நாங்கள் பயிற்சி கொடுப்பதும் அப்படித்தான். பிடித்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரால், பே-ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் தொழிலாளிக்குப் பதில் சொல்ல முடியாது.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, வீட்டு வாடகைப்படி 4,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதி) வாடகைப்படி சேராது. 14,000-இல் 12 சதவீதம், 1,680. நிறுவனமும் அதே 1,680 கட்டும். அதில், 14,000-இன் 8.33 சதவீதமான 1,166 ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி 514 பி.எஃப். கணக்குக்கும் போகும். இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு), 2025 நவம்பர் வரை இருந்த விதிப்படி, வாடகைப்படியும் சேரும்: 18,000-இல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 135. நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 585. கைக்கு வருவது 16,185.

அதிகம் தடுமாறுவது இ.எஸ்.ஐ.யில்தான். அதில் சேர்வதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 21,000. ஜூலையில் ஊதிய உயர்வு வந்து ஒருவர் 22,000-ஐத் தொட்டால் உடனே பிடித்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அது முடியும்வரை முழு 22,000-க்கும் பிடிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலப் பணம் கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் அடிபடுவது தொழிலாளிதான். ஓவர்டைமிலும் இதே குழப்பம் உண்டு: உச்சவரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது; பங்களிப்பைக் கணக்கிடும்போது, 2025 நவம்பர் வரை இருந்த விதிப்படி, சேர்க்க வேண்டியிருந்தது. மென்பொருளில் இந்த அமைப்பு சரியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. நாங்கள் 10-ஆம் தேதியையே கடைசி நாளாக வைத்துக்கொள்கிறோம். தொழிலாளியிடம் பிடித்த பங்கைத் தாமதமாகக் கட்டினால் அந்தத் தொகைக்கு வருமான வரிக் கழிவு கிடையாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை முதலாளியிடம் சொன்னால் காசோலை வேகமாக வரும்.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் இருக்கும். யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) பதிவில் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். சேரும் நாளிலேயே படிவம் 11 (பழைய பி.எஃப். விவரத்தைச் சொல்லும் படிவம்) வாங்கி, பழைய யு.ஏ.என். உண்டா என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் உருவாகிவிடும். பிறகு பழைய சேவைக் காலத்தை இதனோடு சேர்ப்பது பெரும்பாடு.

வேலையை விட்டுப் போகிறவரின் விலகல் தேதியை அந்த மாதக் கணக்கோடு சேர்த்தே பி.எஃப். பதிவில் ஏற்றிவிடுங்கள். அது விடுபட்டால், முன்பின் தெரியாத புதிய அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் உங்களைத்தான் தொலைபேசியில் தேடிக்கொண்டிருப்பார்.