மாருதி 800 ஃப்ளோர் ஓட்டை: மூணாவது தடவை ஒட்டு நின்னுருச்சு

நேத்து ராத்திரி செம்பூர்ல விடிய விடிய மழை, வண்டி வெளியிலதான் நின்னுச்சு. காலைல முதல் வேலையா இறங்கிப் போய் டிரைவர் பக்கக் கதவைத் தொறந்து, கால் வைக்கிற இடத்துல விரிச்சிருந்த பேப்பரை எடுத்துப் பாத்தேன். மொடமொடன்னு காஞ்சு கிடக்கு, ஒரு சொட்டுக் கறை இல்ல. ஏப்ரல்லேர்ந்து இந்த ஒத்த ஓட்டையோட மல்லுக்கட்டி ரெண்டு தடவை தோத்திருக்கேன். பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு இந்த சந்தோஷம் புரியும்.

வண்டி 1999 மாடல், அப்பா வாங்கினது. 2024-ல 5000 ரூபா கட்டி ஆர்சி ரெனியூ பண்ணியாச்சு, அடுத்தது 2029. அதுவரைக்குமாவது ஓட்டணும். எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல, பாடிதான் கரைஞ்சுகிட்டே போகுது, மும்பை உப்புக்காத்துக்கு எந்தத் தகரம் தாங்கும்.

ஓட்டை கிளட்ச் பெடலுக்குக் கீழ. பாக்க ஒரு ரூபா காசு அளவுதான், ஆனா ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே போனா நல்ல தகரம் டங்குன்னு சொல்லும், செத்த தகரம் தொப்புன்னு சொல்லும், அப்படித் தட்டித் தட்டி சாக்பீஸ்ல கோடு போட்டா உள்ளங்கை அளவு வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கராஜ்ல அண்டர்பாடி கோட்டிங்னு காசு வாங்கிட்டு, துருவைச் சுரண்டாம அது மேலயே தார் அடிச்சுக் குடுத்திருக்கான். இப்ப அதை உரிச்சா அடியில ஏடு ஏடா துரு. தார் தண்ணிய வெளிய நிறுத்தல, உள்ள பூட்டி வச்சிருக்கு. இன்னமும் அதை நினைச்சா வயிறு எரியுது.

தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் டிங்கரிங் பண்ற அண்ணாச்சிகிட்ட காட்டினேன். "தம்பி, வெட்டிட்டு புதுத் தகரம் வச்சு கேஸ் வெல்டிங் அடிச்சிரலாம், ஆனா சீட்டு, ஃபெல்ட்டு, பெட்ரோல் லைன் எல்லாத்தையும் கழட்டணும், மழையில வேணாம், தீபாவளிக்கு அப்புறம் வாங்க"ன்னாரு. அதனால நானே போடுற ஒட்டு தீபாவளி வரைக்கும் தாங்கணும், அவ்வளவுதான் கணக்கு. இதைப் பாத்துட்டு யாரும் சீட் போல்ட், பெல்ட் போல்ட், ஜாக்கி வைக்கிற இடம், கதவுக்குக் கீழ ஓடுற பாக்ஸ் இங்கெல்லாம் என்னை மாதிரி ரெசினும் கண்ணாடித்துணியும் வச்சு ஒட்டிட்டு ஓட்டாதீங்க. அங்க வெல்டிங் மட்டும்தான். என்னோடது அந்த மாதிரி எதுக்கும் பக்கத்துல இல்லாத சமதளத் தகரம்.

முதல் தடவை ஏப்ரல்ல பாலியஸ்டர் ரெசினும் சாப்டு ஃபைபர் மேட்டும் (நறுக்கின கண்ணாடி நாரைப் பசை போட்டுப் பாய் மாதிரி ஆக்கினது) வச்சு ஒட்டினேன். மூணே வாரம், ஓரத்துல நகத்தை விட்டா அப்பளம் மாதிரி முழுசா கையில வந்துச்சு. பாலியஸ்டர் ரெசின் ஃபைபர் மேல நல்லாப் பிடிக்கும், இரும்பு மேல அதுக்குப் பிடிப்பு கம்மி. அதுவும் நான் குழியில இருந்த துருவை முழுசா எடுக்கல.

ரெண்டாவது தடவை எபாக்ஸி, அதாவது ரெசினும் ஹார்டனரும் கலந்தா இறுகிப் பிடிக்கிற பசை. மஸ்ஜித் பந்தர்ல கெமிக்கல் கடையில எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் அரைக் கிலோ பேக்கா குடுத்தாங்க. மேட்டைத் தூக்கி வச்சிட்டு நெய்த கண்ணாடித்துணி வாங்கினேன், ஏன்னா சாப்டு மேட்டுல நாரைப் பிடிச்சு வச்சிருக்கிற பசை பாலியஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன்ங்கிற திரவத்துல கரையணும், எபாக்ஸில அது கரையாது, மேட்டு விறைப்பா நிக்கும், மூலையில படியாது. இவ்வளவு பாத்துப் பண்ணியும் போச்சு. ஜூன், மழை ஆரம்பிச்ச வாரம். சாயங்காலம் ஒரு லேயர், மறுநாள் காலைல அது மேல இன்னொண்ணு. பத்து நாள் கழிச்சு தட்டிப் பாத்தா தொப்புன்னு சத்தம். பட்டி பிளேடை விட்டா மேல் லேயர் மட்டும் தனியா வருது, கீழ் லேயர் இரும்பைக் கெட்டியாப் பிடிச்சிட்டுதான் இருக்கு.

அன்னிக்குதான் அந்த விஷயமே புரிஞ்சுது. ஈரக் காத்துல எபாக்ஸி காயும்போது ஹார்டனர்ல இருக்கிற அமீன் காத்துல இருக்கிற ஈரத்தோடயும் கார்பன் டை ஆக்சைடோடயும் சேந்து மேல ஒரு படலம் கட்டிருது. விரலால தேய்ச்சா மெழுகு மாதிரி வழுக்கும், லேசா வெளுப்பா இருக்கும், அது மேல எதை ஒட்டினாலும் நிக்காது. காஞ்ச உடனே உப்புத்தாள் போட்டா அந்த மெழுகை இன்னும் உள்ள தேய்ச்சு விடுறோம், முதல்ல தண்ணியும் பச்சை ஸ்க்ரப்பரும் வச்சுக் கழுவணும், காயவிடணும், அப்புறம்தான் உப்புத்தாள்.

மூணாவது தடவை போன ஞாயித்துக்கிழமை. ரெண்டு மணி நேரம் டிரில்லுல வயர் பிரஷ் மாட்டி வெள்ளி மாதிரி மின்னுற வரைக்கும் தேய்ச்சேன், குழிக்குள்ள மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் துரு ரிமூவர் விட்டு, கழுவி, ஹேர் டிரையர்ல காயவச்சு, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் அசிட்டோன். நம்ம ஊரு ஜூலை காத்துல பளிச்சுன்னு தேய்ச்ச இரும்பு சீக்கிரமே ஆரஞ்சு பூத்துரும், அதனால ரெசினைக் கலக்கித் தயாரா வச்சுக்கிட்டு மெல்லிசாத் தடவி, அந்த ரெசின் ஈரமா இருக்கும்போதே 80 நம்பர் உப்புத்தாளால தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க புது இரும்பு வெளிய வரும், காத்துப் படுறதுக்கு முன்னாடியே ரெசின் அதை மூடிரும். ரெசின் சாம்பல் நிறமா மாறுது பாருங்க, அதைத் துடைச்சிட்டு புது ரெசின் ஒரு கை. இந்த ஒரு ஸ்டெப்புலதான் எல்லாம் இருக்குன்னு நான் நம்புறேன்.

கலவை எடைக்கு நூத்துக்குப் பத்து. என்கிட்ட 80 கிராம் ரெசினுக்கு 8 கிராம் ஹார்டனர், சமையல் தராசுல ஒரு கிராம் முன்னபின்ன ஆனாலே எட்டுல ஒரு பங்கு தப்பு, அதனால சின்ன நகைத் தராசு வாங்கிட்டேன், வாங்கின சாமான்லயே உருப்படியானது அதுதான். அடியிலேர்ந்து செலோ டேப் சுத்தின அட்டையை அணைப்பா ஒட்டி, மேல மூணு லேயர் துணி, ஒண்ணைவிட ஒண்ணு ஒரு இஞ்ச் பெருசா, நடுவுல காயவிடாம ஒரே மூச்சுல. கடைசியா வீட்ல கேட்டு வாங்கின பழைய நைலக்ஸ் புடவைத் துண்டு. "ஏங்க, புடவையை வண்டிக்கா ஒட்டப் போறீங்க?"ன்னு கேட்டா, மறுநாள் டர்ருன்னு உரிச்சப்ப அவளே பக்கத்துல நின்னு பாத்தா. அந்த மெழுகுப் படலம் புடவையோட போயிருது, அடியில சொரசொரன்னு அடுத்த கோட்டிங்குக்குத் தயாரா இருக்கு. ராத்திரி பூரா ரெண்டடி தள்ளி ஒரு 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டேன், ஃபெல்ட், பேப்பர் எதுவும் பக்கத்துல இல்லாம பாத்துக்கிட்டேன்.

ஒட்டுறதுக்கு முந்தின வாரமே தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சாச்சு, இல்லேன்னா இந்த ஒட்டும் வீண்தான். டாஷ்போர்டு அடியில டால்கம் பவுடர் தூவிட்டு, நான் டார்ச்சோட குப்புறப் படுத்துக்கிட்டேன், அவ வெளியிலேர்ந்து வைப்பர் பக்கம் சொம்பு சொம்பா ஊத்தினா. பவுடர்ல கோடு கிழிச்ச மாதிரி வலது மூலையிலேர்ந்து இறங்குச்சு. கிளறிப் பாத்தா வைப்பருக்குக் கீழ தண்ணி போற வழி பூரா தூங்குமூஞ்சி மரத்து இலை மக்கி அடைச்சிருக்கு. கேட்டுல அந்த மரத்தடியிலதான் வருஷக்கணக்கா பார்க்கிங். ரெண்டு கைப்பிடி அள்ளினேன்.

கதவு அடியையும் இப்பவே பாத்துரலாம்னு ஹேர்பின்னால தண்ணி ஓட்டைய எல்லாம் குத்தி விட்டேன், இடது கதவுல அரை டம்ளர் பழுப்புத் தண்ணி ஒழுகுச்சு. அதுக்குத் தனியா ஒரு நாள் வேணும். நாக்தேவி ஸ்ட்ரீட்ல 4 எம்எம் ரிவெட் ஒரு பாக்ஸ் வாங்கி வச்சிருக்கேன், பின் சக்கர ஆர்ச்சுக்கு ஜிஐ தகரம் (துத்தநாகம் பூசின இரும்புத் தகரம்). அலுமினியத் தகரம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், உப்புத்தண்ணில இரும்போட சேந்தா அலுமினியம்தான் முதல்ல அரிக்கும். குர்லா சிஎஸ்டி ரோட்டுல நல்ல ஃபெண்டர் கிடைக்குமான்னும் ஒரு நடை போகணும்.

ஆனா இங்கயே இன்னும் பாதி வேலை பாக்கி. அடியில அட்டையைப் பிச்சாச்சு, தண்ணி புகாம அடைக்கிற பியு சீலன்ட் இன்னும் போடல. சிலிக்கான் டியூப் வீட்ல சும்மா கிடக்கு, ஆனா வினிகர் வாசம் அடிக்கிற வகை, அது காயும்போது ஆசிட் விடும், இரும்புக்கு ஆகாது. மழை ரெண்டு நாள் விட்டாதான் அடியில படுக்க முடியும். அதுவரைக்கும் ஃபெல்ட்டும் கார்பெட்டும் பால்கனி கொடியிலதான், வெறும் ஃப்ளோர்ல பேப்பர் விரிச்சுதான் ஓட்டிக்கிட்டிருக்கேன்.