ஊருணிக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை? பி.எட். புவியியலுக்கு ஒரு களமதிப்பீடு

“செட்டிநாட்டு ஊருணிகளின் முக்கியத்துவம்” என்று பி.எட். மாணவர்களுக்குத் தலைப்புக் கொடுத்தால் அழகான ரெக்கார்டு நோட்டு வந்துவிடும். கரைப்பக்கம் போகாமலே எழுதிவிடலாம். அதற்கு மதிப்பெண் போட்டுப் பழக்கினால், நாளை தங்கள் வகுப்பிலும் இவர்கள் அதையேதான் கேட்பார்கள்.

ஆகவே முதல் மதிப்பெண் கேள்விக்கு. “மழை பெய்தும் ஊருணி ஏன் நிறையவில்லை?” என்பது நல்ல தொடக்கம், ஆனால் பெரிது. “வரத்துக்காலின் (ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலின்) தரை ஊருணியை நோக்கித் தொடர்ந்து இறங்குகிறதா, நடுவில் எங்காவது ஏறுகிறதா?” என்று சுருக்கினால் அளக்கலாம். நாம் நினைத்ததற்கு மாறாகவும் விடை வரக்கூடிய கேள்விக்கு மட்டுமே களத்துக்குப் போக அனுமதி தர வேண்டும்.

1:50,000 டோபோஷீட் (மேடுபள்ளங்களைக் காட்டும் நிலவரைபடம்) இங்கே உதவாது. அதில் அடுத்தடுத்த சமஉயரக் கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் பொதுவாக 20 மீட்டர். காரைக்குடிப் பக்கத்துச் சமதரையில் தண்ணீரைத் திருப்புவதோ சில சென்டிமீட்டர். கைபேசி காட்டும் உயரமும் மீட்டர் கணக்கில் பிசகும். கொத்தனாரின் டியூப் லெவல் போதும்: தண்ணீர் நிரப்பிய 15 மீட்டர் டியூப் (இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்), டேப் ஒட்டிய இரண்டு கம்புகள், மூன்று பேர். 10 மீட்டருக்கு ஓரிடமாக, இரு முனையிலும் தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து குறிக்க வேண்டும். கடைசி வரை போனதும் தொடங்கிய இடத்துக்கே அளந்து திரும்ப வேண்டும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு மேல் பிசகினால் மறுபடி அளப்பதுதான் வழி.

தவறு வரும் இடங்கள் தெரிந்தவையே. டியூபுக்குள் காற்றுக்குமிழ் நின்றுவிடும், யாராவது அதை மிதிப்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது குறி மாறுவது: அளவு கூடினால் அந்தத் தரை தாழ்வு என்பதை மேடு என்று எழுதிவிடுவார்கள்.

25 மதிப்பெண்ணில் கேள்விக்கு 5, திட்டத்துக்கு 4, களக்குறிப்புக்கு 6, முடிவுக்கு 6, வாய்மொழிக்கு 4 என்று பிரிப்பது என் பரிந்துரை. களக்குறிப்பு அங்கேயே எழுதியதாக இருக்க வேண்டும். அடித்துத் திருத்தியிருந்தால் நல்லது. வீட்டில் படியெடுத்த நோட்டுக்குப் பாதிதான்.

முடிவு எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். சிறுபாலத்தடியில் தரை 8 சென்டிமீட்டர் ஏறியிருப்பதை அளந்துவிட்டு, கடைசிப் பத்தியில் “பருவநிலை மாற்றத்தால் மழை குறைந்தது” என்று எழுதுவார்கள். அதைச் சொல்ல 30 ஆண்டு மழையளவாவது கையில் வேண்டும். “இந்த மேட்டுக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில், தேங்கும்; வண்டலா, சாலை வேலையா என்பதை இந்த அளவு காட்டாது” என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண்.

வரத்துக்கால் வறண்டிருக்கும் புரட்டாசியில் அளந்து, எங்கே தேங்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். கார்த்திகை மழையில் அதே இடத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். கணிப்புப் பொய்த்திருந்தால் காரணத்தோடு அறிக்கையைத் திருத்தித் தரலாம். அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.