சோழவந்தான் தோப்பில் ஃபைபர் நீச்சல் குளம்: சீரமைப்பு நாட்குறிப்பு

20-04-2025, ஞாயிறு

குளத்தை இன்று இறைத்து முடித்தோம். 24 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழம். ஏறக்குறைய 32,000 லிட்டர் தண்ணீரும் தென்னைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மோட்டாரைப் போடுவதற்கு முன்பு தோப்புக் கிணற்றில் கயிறு விட்டு அளந்தேன். நீர்மட்டம் 19 அடிக்குக் கீழே இருந்தது. நிலத்தடி நீர் குளத்தின் அடியைவிட மேலே நிற்கும்போது ஃபைபர் ஓட்டை வெறுமையாக்கினால், பாரமற்ற அந்த ஓடு படகைப் போல மண்ணிலிருந்து கிளம்பிவிடும். பெரியாறு பாசனக் கால்வாயில் ஜூனில் தண்ணீர் திறந்தால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறிவிடும் என்பதால், அதற்குள் குளம் மீண்டும் நிரம்பியாக வேண்டும்.

22-04-2025

மேஸ்திரி தங்கச்சிமடத்துக்காரர், பல ஆண்டுகள் ஃபைபர் வள்ளம் கட்டியவர். உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய், கை தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டார். மாலையில் எண்ணினேன்: 143 கொப்புளங்கள். ஒன்றை உளியால் குத்தியபோது பிசுபிசுப்பான நீர் கசிந்தது. காடியைப் போலப் புளித்த வாடை. "அண்ணே, இது மேல் தோல் சீக்கு இல்ல, உள்ள தண்ணி குடிச்சிருக்கு" என்றார். ஃபைபர் ஓட்டின் மேற்பூச்சான ஜெல்கோட் கண்ணாடி போலத் தெரிந்தாலும் நீர் அதனூடே மிக மெதுவாக ஊடுருவுகிறது; உள்ளே முழுதாக இறுகாமல் எஞ்சிய பொருள்களைக் கரைத்து அடர்ந்த கரைசலாகிறது; அந்தக் கரைசல் மேலும் மேலும் நீரை இழுத்துக்கொள்ள, அழுத்தம் கூடி ஜெல்கோட் உப்புகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இந்தக் கொப்புளங்களின் மீதே எபாக்சி பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த கோடையில் அது வாழைப்பட்டை போல உரிந்து, நீந்த வந்த பிள்ளைகளின் கால்களில் ஒட்டியது. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை. பழைய கிணறுகள் பல தூர்ந்துபோன எங்கள் ஊரில், பிள்ளைகள் நீச்சல் பழகுவதற்கு இந்தக் குளத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

27-04-2025

நான்கு நாட்களாக கிரைண்டர் ஓடுகிறது. பழைய பெயிண்டும் ஜெல்கோட்டும் முற்றிலும் போய், வெள்ளை இழை தெரிகிறது. தூள் நுண்மையானது என்பதால் முகக்கவசம் இல்லாமல் எவரையும் உள்ளே இறங்க விடவில்லை. இனித் தினமும் காலையில் நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவ வேண்டும். கொப்புளக் குழிகளில் தங்கிய புளித்த நீரைக் கழுவி வெளியேற்றாமல் காய வைத்துப் பயனில்லை.

06-05-2025

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. காய வைப்பதற்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறதா என்று அறிய, இரவில் ஒரு முழ அகலப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு புறமும் டேப்பால் ஒட்டிவிட்டு, விடியலில் பார்க்கிறேன். இன்றும் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

13-05-2025

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார்; பையன்கள் அனைவரும் மதுரைக்குப் போய்விட்டார்கள். வேலை நின்றதில் எனக்குக் குறையில்லை, குளத்துக்கு மேலும் மூன்று நாள் வெயில் கிடைத்தது. இன்று காலை தாளின் உட்புறத்தில் ஈரப்பொட்டுக்கூட இல்லை.

17-05-2025

அதிகாலை ஐந்து மணிக்கே தொடங்கினோம். ஒன்பது மணிக்குமேல் வெயிலில், இழையோடு சேர்ந்து இறுகும் பிசினான ரெசின் கைக்குள் அடங்காது. சாதாரண பாலியெஸ்டரைவிட நீரை அதிகம் தடுக்கும் வினைல் எஸ்டர் ரெசினையே வாங்கியிருந்தேன். செலவு கூடுதல், ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க எனக்கு மனமில்லை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு), இரண்டு அடுக்கு. மேஸ்திரி முதலில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை ஊற்றுகிறார். இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் தீப்பிடித்து வெடிக்கும். வெண்மையாக இருக்கும் மேட், ரெசின் ஊறியதும் கண்ணெதிரே தெளிந்து மறைகிறது. வெள்ளைப் புள்ளி எங்கே மிஞ்சுகிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். பள்ளமிட்ட இரும்பு ரோலரை அதன்மேல் உருட்டி, ஒவ்வொரு புள்ளியையும் ஓரத்துக்குத் துரத்தினார்.

ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. குளத்தின் அடியிலேயே தேங்கும். ஆகவே பெரிய மின்விசிறியை உள்ளேயே இறக்கி வைத்தோம்.

18-05-2025

நேரம் போகிறதே என்று நான் அவசரப்படுத்தியதால், ஒரே வாளியில் நான்கு கிலோ ரெசின் கலந்தார்கள். பாதி பூசுவதற்குள் வாளி கொதித்துப் புகைந்து, கல்லாகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கிலோவாகத்தான் கலந்தோம்.

24-05-2025

வெளிர்நீல ஜெல்கோட் இரண்டு பூச்சு. கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்தோம்; காற்றுப் படும் மேற்பரப்பு அது இல்லாமல் முழுமையாக இறுகாது, ஒட்டிக்கொண்டே இருக்கும்.

01-06-2025

ஒரு வாரம் இறுகவிட்டு, இன்று போர்த் தண்ணீர் விடத் தொடங்கினோம். எங்கள் தண்ணீர் உப்பு; சுண்ணாம்பு படியாமல் இருக்க pH அளவை 7.2 முதல் 7.6 வரை வைத்துக்கொள்ள வேண்டும். குளோரின் வில்லையை இனி எவரும் குளத்துக்குள் நேரடியாக எறியக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அது கிடந்த இடம் வெளுத்துவிடும்.

மாலையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தது. உள்ளே இறங்கி, முன்பு சாக்பீஸ் வட்டங்கள் இருந்த சுவர் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் தட்டுப்படவில்லை. கிணற்றில் நீர்மட்டம் இன்னும் 19 அடியில்தான் இருக்கிறது.